புல்லட் டைமிங்கைக் காதை நம்பி வைக்காதீர்கள்

காஞ்சிபுரத்தில் பழைய புல்லட் வைத்திருப்பவர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் டைமிங் பற்றி ஒரே பாடம்தான் வரும். கைதேர்ந்த மெக்கானிக் டைமிங்கைக் காதால் வைப்பார். கேஜும் டிகிரித் தட்டும் தொழில் படியாதவர்களுக்கு. வண்டி மலை ஏற வேண்டும், பாலாற்று மணலில் திணறாமல் இழுக்க வேண்டும் என்றால் டைமிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைக்க வேண்டும். பீட்டு தனித்தனியாக விழ வேண்டும் என்றால் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். கிக்கர் திருப்பி அடித்தால் அது புல்லட்டின் குணம், மிதிக்கத் தெரிந்தவன் மிதித்தால் அடிக்காது.

இந்த நான்கையும் நான் மறுக்கிறேன். வெறும் ரசனை வேறுபாடு என்றால் எழுதவே வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பாடத்தை நம்பி பிஸ்டன்கள் உருகி ஓட்டையாகின்றன, எக்ஸாஸ்ட் வால்வுகள் கருகுகின்றன, நல்ல கணுக்கால்கள் பிசகுகின்றன. கடைசியில் பழி வண்டி மேல் விழுகிறது. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி இஞ்சினைப் பிரித்து அடுக்கிவிடுகிறார்கள். பிரிக்கவே தேவையிருந்திருக்காது.

புல்லட் நம் மாவட்டத்து வண்டி என்பதையும் நினைவுபடுத்த வேண்டும். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் கைகோத்துத் திருவொற்றியூரில் தொடங்கிய தயாரிப்பு, 2013-ல் ஒரகடத்துக்கும் பிறகு வல்லம் வடகாலுக்கும் வந்தது. வாலாஜாபாத் வழியாகப் போனால் காஞ்சிபுரத்திலிருந்து ஒரகடம் பக்கம்தான். இந்திய ராணுவம் 1950-களில் 350 சிசி புல்லட்டுகளை மொத்தமாகக் கேட்டது, தார் ரோடு இல்லாத எல்லைப் பாதைகளில் ரோந்து போவதற்காக. அதே காலத்தில் ஜானி பிரிட்டன் என்ற ஆங்கிலேயர் 1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல் போட்டியைப் புல்லட்டில் ஜெயித்தார். பாறையும் ஓடையும் சேறுமான பாதையில் கால் ஊன்றாமல், கிட்டத்தட்ட நடக்கும் வேகத்தில் ஏற வேண்டிய போட்டி அது. கரடுமுரடான பாதைக்குப் புல்லட் புதிதல்ல. அந்தப் பாதைக்காக டைமிங்கைத் திருக வேண்டும் என்ற நம்பிக்கையில்தான் சிக்கல்.

டைமிங் என்றால் என்ன செய்கிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். பிளக்கில் பொறி விழுந்த அந்தக் கணமே பெட்ரோல் முழுதும் எரிந்துவிடுவதில்லை. பொறி விழுந்த இடத்திலிருந்து தீ பரவி முடிய ஒன்றிரண்டு மில்லி செகண்டாவது ஆகும். 3000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்று சுற்ற 20 மில்லி செகண்ட்தான். ஆகவே பிஸ்டன் தன் உச்ச நிலையான டாப்புக்கு வருவதற்கு முன்பே பொறி விழுந்தாக வேண்டும். இந்த முந்துதல்தான் அட்வான்ஸ்; அதைக் கூட்டுவது டைமிங்கை ஏற்றுவது, குறைப்பது இறக்குவது. அப்போதுதான் அழுத்தத்தின் உச்சம், பிஸ்டன் டாப்பைத் தாண்டி 15 டிகிரி வாக்கில் இறங்கும்போது வந்து சேரும். கனெக்டிங் ராட் கிராங்க்கைத் தள்ள வசதியான கோணம் அது. உச்சம் அதற்கு முன்பே வந்தால் மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை நெருப்பு கீழே அழுத்தும். பிந்தி வந்தால் பிஸ்டன் ஓடிப் போன பிறகு பின்னால் துரத்தும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிரிந்து பொறியை விழவைக்கும் பாயிண்ட் வைத்த 350 புல்லட்டுக்குக் கம்பெனி சொல்லும் அளவு, ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் விரியாத நிலையில், டாப்புக்கு 0.8 மில்லிமீட்டர் முன்பு. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இந்த இஞ்சினின் ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர் என்பதால் 0.8 மில்லிமீட்டரைக் கிராங்க் கோணமாக மாற்றினால் ஏறக்குறைய 10 டிகிரி. வேகம் கூடக்கூட எடைகள் விரிந்து அட்வான்ஸைத் தானாகவே கூட்டிக்கொள்ளும். ஏற்ற வேண்டியதை ஏற்றுவதற்கு வண்டிக்குள்ளேயே ஆள் வைத்திருக்கிறார்கள். நாம் வெளியிலிருந்து இன்னொரு கை போட வேண்டியதில்லை.

காதுக்கு வருவோம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஸ்டார்ட் செய்து, டிஸ்ட்ரிபியூட்டரை லூஸ் பண்ணி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, "இந்தா, இங்க நல்லா ஓடுது பாருங்கண்ணே" என்று இறுக்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் காது எதைக் கேட்கிறது? சுமை இல்லாத இஞ்சினின் ஐடிலிங்கை. அந்த வேகத்தில் த்ராட்டில் மூடியிருக்கிறது, சிலிண்டருக்குள் போகும் புதுக் கலவை கொஞ்சம், மிச்சப் புகை அதிகம், எரிவது மெல்ல. மெல்ல எரிவதற்குப் பொறி சீக்கிரம் விழுந்தால் இஞ்சினுக்குச் சந்தோஷம். எனவே டைமிங்கை ஏற்றிக்கொண்டே போனால் சரியான இடத்தைத் தாண்டிய பிறகும் ஐடிலிங் கூடிக்கொண்டும் சீராகிக்கொண்டும் போகும். "நல்லா ஓடுற" இடம் என்று காது சொல்வது எப்போதும் அளவைத் தாண்டிய இடம்தான். மெக்கானிக்கின் அனுபவக் குறைவால் வரும் பிழை என்று இதைச் சொல்ல முடியாது. முப்பது வருடம் தொழில் செய்தவர் காதும் இதே பக்கம்தான் சாயும், ஏனென்றால் அந்த நிலையில் இஞ்சின் தரும் சத்தமே அப்படி.

ஆபத்து நேரும் இடம் வேறு. தீ பரவி வருவதற்கு முன்பே கலவை தானாக வெடிக்கும் நாக்கிங் வருவது ஸ்டாண்டில் அல்ல. இரண்டு பேர் உட்கார்ந்து, மூட்டை கட்டி, குறைந்த வேகத்தில் த்ராட்டிலை முழுக்கத் திறந்து ஏறும்போது. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும், போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பாதையிலும், ஏரிக்கரை மண் சரிவிலும் வரும். அங்கே மெக்கானிக்கின் காது கூட வருவதில்லை. வண்டி ஓட்டுபவர் காதிலோ ஹெல்மெட், காற்று, சைலன்சர் சத்தம், டேப்பட் சத்தம். லேசான நாக்கிங் இதற்கு நடுவே கேட்கவே கேட்காது. கேட்கிற அளவுக்கு வரும்போது பிஸ்டன் தலையில் அரிப்பு ஆரம்பித்திருக்கும்.

இதனால்தான் "மலைக்கு டைமிங் ஏற்று" என்பது நடக்கிற உண்மைக்கு நேர் எதிர் என்கிறேன். மெல்ல, பாரத்தோடு, த்ராட்டில் திறந்து ஏறுகிற நிலைமைக்கு அட்வான்ஸ் குறைவாகத்தான் வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் ஹேண்டில்பாரிலேயே டைமிங் லீவர் இருந்தது. அந்தக் காலத்து ஓட்டிகள் ஸ்டார்ட் செய்யும்போதும் மேட்டில் இஞ்சின் திணறும்போதும் லீவரை ரிடார்ட் பக்கம் தள்ளினார்கள், சமவெளியில் வேகம் எடுத்ததும் அட்வான்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். ஆட்டோ அட்வான்ஸ் அந்தக் கையின் வேலையை எடுத்துக்கொண்டது. நாம் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகி நிரந்தரமாக ஏற்றி வைப்பது, லீவரை அட்வான்ஸில் கட்டி வைத்துவிட்டு மலை ஏறுவதற்குச் சமம்.

"ஆனா பிக்கப் வருதே?" என்பார்கள். டைமிங் பிந்திப் போயிருந்த வண்டியை ஏற்றினால் பிக்கப் வரத்தான் செய்யும். அது ஏற்றியதால் கிடைத்த லாபமல்ல, சரியான இடத்துக்குத் திரும்பியதால் கிடைத்தது. சரியான இடத்தை ஒட்டி இழுவிசை கிட்டத்தட்ட சமதளமாக இருக்கும். அங்கிருந்து மேலும் இரண்டு மூன்று டிகிரி ஏற்றினால் சக்தியில் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம்தான் வரும், நாக்கிங்குக்கு இருந்த இடைவெளி மட்டும் பறிபோகும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே கை தவறிய ஒரு டிகிரி, கிராங்க்கில் இரண்டு டிகிரி.

டைமிங் ஏன் தானாகவே பிந்திப் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் கடைகளில் இதை யாரும் பேசுவதே இல்லை. பாயிண்ட்டின் ஃபைபர் ஹீல் கேம் மேல் உரசிக்கொண்டே இருக்கிறது. கிரீஸ் வைக்காவிட்டால் வேகமாகத் தேயும். ஹீல் தேயத் தேய இடைவெளி சுருங்கும். இடைவெளி சுருங்கினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். தாமதமாகத் திறந்தால் பொறி தாமதமாக விழும். ஆக வண்டி மந்தமாவதற்குக் காரணம் இடைவெளி. ஆனால் கடையில் இடைவெளியைத் தொடாமல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி ஈடு கட்டுகிறார்கள். வண்டி அன்றைக்குப் பாய்கிறது. இடைவெளி சுருங்கியது சுருங்கியபடியே இருப்பதால் பாயிண்ட் சரியாகப் பிரியாமல் கருகுகிறது. அடுத்து வேறொரு கடையில் புதுப் பாயிண்ட் போட்டு இடைவெளியைச் சரியாக வைக்கிறார்கள், டிஸ்ட்ரிபியூட்டர் திருப்பிய இடத்திலேயே நிற்கிறது. இப்போது டைமிங் தாறுமாறாக முந்திவிட்டது. கிக்கர் திருப்பி அடிப்பது அன்றிலிருந்துதான். வரிசை மாறாமல் முதலில் இடைவெளி, பிறகு டைமிங் என்று வைத்தால் இந்தச் சங்கிலி தொடங்கவே தொடங்காது. கண்டென்சர் போய், பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியும் விழுந்திருந்தால் கேஜ் கூடப் பொய் சொல்லும், ஆகவே அதையும் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் ஆடினால் புஷ் மாற்றாமல் டைமிங் வைப்பது வீண்.

கிக்கர் அடியும் இதில் அடங்கும். கால் பலத்தில் இஞ்சின் மெல்லத்தான் சுற்றும். பொறி அளவுக்கு மீறி முந்தினால் பிஸ்டன் டாப்பைத் தாண்டுவதற்குள் அழுத்தம் வந்து பின்னால் தள்ளிவிடும், கிக்கர் காலை நோக்கித் திரும்பும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்து போனாலும், எடைகள் துருப்பிடித்து விரிந்த நிலையில் மாட்டிக்கொண்டாலும் இதே கதை. டிகம்ப்ரஷன் லீவரை எப்படிப் பிடிக்க வேண்டும், அம்மீட்டர் முள் எங்கே வரும்போது மிதிக்க வேண்டும் என்ற பழக்கமெல்லாம் நல்லதுதான். ஆனால் சரியாக மிதித்தும் திருப்பி அடிக்கிற வண்டியை அதன் குணம் என்று சொல்லி, நெசவு முடித்து வீட்டுக்குப் போகிற அறுபது வயது மனிதரிடம் "உங்களுக்கு மிதிக்கத் தெரியல பெரியப்பா" என்பது அநியாயம். வண்டியில் கோளாறு இருக்கிறது, அதைச் சரி செய்யுங்கள்.

பீட்டு விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். டைமிங்கை இறக்கினால் சத்தம் கனமாகும் என்பது உண்மை. ஏன் கனமாகிறது என்றால், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் கலவை எரிந்து முடியாமல் இருக்கிறது. சக்கரத்துக்குப் போக வேண்டிய சூடு வால்வு வழியாகச் சைலன்சருக்குப் போகிறது. பெண்ட் பைப் நீலம் பாய்கிறது, ஹெட் கொதிக்கிறது, இழுவை குறைந்ததால் த்ராட்டிலை அதிகம் திருகுகிறோம், பெட்ரோல் கரைகிறது. நீளமான ஸ்ட்ரோக்கும் கனமான ஃப்ளைவீலும் உள்ள இந்த இஞ்சினுக்குப் பீட்டு பிறவியிலேயே உண்டு. கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, டேப்பட்டைச் சரியாக வைத்து, ஸ்லோ ஸ்பீடைப் பொறுமையாக இறக்கினால் சரியான டைமிங்கிலேயே அது கேட்கும்.

எதிர்த்தரப்பில் மதிக்க வேண்டிய வாதம் ஒன்று உண்டு. கம்பெனி சொன்ன அளவு புது இஞ்சினுக்கு, அந்தக் காலப் பெட்ரோலுக்கு. இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும், மைலேஜும் விழுந்துவிட்டது, ஆகவே ஏற்றித்தான் வைக்க வேண்டும் என்கிறார்கள். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும் என்பது சரி. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் லிட்டருக்கு 7 சதவீத அளவு சக்தி குறையும். பெட்ரோலிலேயே இல்லாத சக்தியை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகிக் கொண்டுவர முடியாது. தவிர, பழைய ஜெட்டோடு ஓடும் கார்புரேட்டரில் இந்தப் பெட்ரோல் கலவையை மெலிதாக்கும், மெலிந்த கலவை இஞ்சினைச் சூடாக்கும். காற்றால் குளிர வேண்டிய இரும்பு சிலிண்டர், காற்றே படாத நடை வேகத்தில் மலை ஏறும்போது, அதன் மேல் இன்னும் அட்வான்ஸைச் சுமத்துவது எந்தக் கணக்கில் சேர்த்தி? மாற்ற வேண்டியது ஜெட், டைமிங் அல்ல.

மூத்த மெக்கானிக்குகளின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. சத்தத்தைக் கேட்டே புஷ்ஷா, டேப்பட்டா, பிக் எண்டா என்று சொல்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அந்தக் காது எனக்கு வேண்டும். எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கக் காது வேண்டும், எவ்வளவு என்று வைக்கக் கருவி வேண்டும். இந்த ஊருக்கு இதைப் புரியவைப்பது கடினமாக இருக்கக் கூடாது. பிள்ளையார்பாளையத்தில் சரிகையை விரலில் சுற்றிப் பார்த்தே தரம் சொல்லும் பெரியவர்கள் உண்டு. ஆனாலும் அதில் வெள்ளி எத்தனை சதவீதம், தங்கம் எத்தனை சதவீதம் என்பதற்குச் சோதனைக் கருவியில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். பெரியவரின் விரலை யாரும் அதனால் அவமதித்துவிடவில்லை.

அளந்து வைப்பதாகச் சொல்லும் கடைகளிலும் ஒரு பிழை நடக்கிறது. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் சைக்கிள் ஸ்போக்கை விட்டு, ஸ்போக் மேலே வந்து நிற்கும் இடம் டாப் என்று குறித்து, அதிலிருந்து 0.8 மில்லிமீட்டர் கீழே இன்னொரு குறி போடுகிறார்கள். புல்லட்டின் பிளக் ஓட்டை சாய்வானது. சாய்ந்து நிற்கும் ஸ்போக் நகர்கிற தூரமும் பிஸ்டன் நகர்கிற தூரமும் ஒன்றல்ல. டாப்பைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல, அந்த இடத்தில் கிராங்க் 3 டிகிரி திரும்பினால் பிஸ்டன் இறங்குவது 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்போக்கைப் பிடித்திருக்கும் விரலுக்கு அது தெரியவே தெரியாது.

சரியான வழி இதுதான். பிரைமரி கவரைக் கழற்றி கிராங்க் முனையில் டிகிரித் தட்டைப் பொருத்தி, பக்கத்தில் ஒரு கம்பியை முள்ளாக வளைத்து வைக்க வேண்டும். பிளக் ஓட்டையில் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பரை மாட்டி, கிராங்க்கை ஒரு பக்கம் மெல்லத் திருப்பி முட்டும் இடத்தைக் குறிக்க வேண்டும், மறுபக்கம் திருப்பி முட்டும் இடத்தையும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் நட்ட நடுவே இருப்பது டாப். சந்தேகமே இல்லை. ஸ்டாப்பரை எடுத்துவிட்டு, வண்டியை டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்பக்கமாக மட்டும் உருட்டி, டாப்புக்கு 10 டிகிரி முன்னால் நிறுத்த வேண்டும். பின்னால் உருட்டினால் பல்சக்கரங்களின் ஆட்டம் கணக்கைக் கெடுக்கும். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜில் முன்பே வைத்திருக்க வேண்டும். இப்போது சாவியைப் போட்டால் பாயிண்ட் மூடியிருக்கிற வரை அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரை இழை இழையாகத் திருப்பினால், பாயிண்ட் பிரியும் அந்த நொடியில் முள் துள்ளிச் சைபருக்கு வரும். அங்கே இறுக்க வேண்டும். இறுக்கும்போதே நகர்ந்துவிடும் என்பதால் சக்கரத்தை இன்னொரு முறை உருட்டி, முள் துள்ளும் இடம் 10 டிகிரிதானா என்று பார்க்க வேண்டும். ஸ்ட்ரோப் லைட் இருந்தால் ஓடும் இஞ்சினில் ஆட்டோ அட்வான்ஸ் விரிவதையும் கண்ணால் பார்த்துவிடலாம். இஞ்சினுக்குள் இரண்டு எடைகள் செய்யும் வேலையை வெளிச்சத்தில் நின்று பார்ப்பது எந்த மெக்கானிக்கையும் மகிழ்விக்கும்.

புது வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016-ல் வந்த ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயனும், 2023-ல் வந்த ஹிமாலயன் 450-யும் கரடுமுரடான பாதைக்கென்றே செய்தவை. இவற்றில் திருகுவதற்கு டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. கிராங்க் எங்கே இருக்கிறது என்பதைச் சென்சார் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிச் சொல்ல, எலக்ட்ரானிக் பெட்டி வேகத்தையும் த்ராட்டிலையும் சேர்த்துப் பார்த்துப் பொறியை விடுகிறது. லடாக் போகிறவர்கள் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் டைமிங் மேப்பையும் யாரிடமோ மாற்றிக்கொண்டு புறப்படுகிறார்கள். 3500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சிலிண்டர் நிரம்பாத அந்தக் காற்றில் ஏற்றின டைமிங் தாங்கும். அதே மேப்போடு மே மாத வெயிலில் வாலாஜாபாத் ரோட்டில் ஓடும்போது என்ன ஆகும் என்பதை மேப் விற்றவர் சொல்வதில்லை.

மெக்கானிக்குகள் ஏன் அளப்பதில்லை என்றும் கேட்க வேண்டும். சோம்பலால் அல்ல. பிரைமரி கவரைக் கழற்றி, ஆயில் பிடித்து, தட்டு மாட்டி, டாப் கண்டு, மறுபடி மூட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காதால் வைத்தால் ஐந்து நிமிடம். இரண்டுக்கும் நாம் கொடுப்பது ஒரே கூலி. ஒரு மணி நேர வேலைக்கு ஐந்து நிமிடக் கூலி கொடுத்துவிட்டு, அளக்கவில்லை என்று குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. இந்தப் பழக்கத்தை வளர்த்ததில் வண்டி வைத்திருக்கும் நமக்குத்தான் பெரும் பங்கு.

ஆகவே அடுத்த முறை டைமிங் வைக்க வண்டியை விடும்போது, "கொஞ்சம் ஏத்தி வைங்கண்ணே" என்று சொல்லாதீர்கள். "டிகிரித் தட்டு போட்டு, கம்பெனி அளவுக்கு வைங்கண்ணே, ஆகிற கூலியைக் கொடுத்துடறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி கொடுத்தும் விடுங்கள்.